ஒன்றுக்கு ஐம்பது

லியெபாயாவில் கடல்காற்று ஜன்னலை உலுக்குகிறது.
பிளாட்டர் துப்பிய ஏழாவது தாளைப் பிடித்து
சுருள்கிற முனையில் காபிக் கோப்பையை ஏற்றி
விஸ்மா ஸ்கேலை வைக்கிறாள்.

நான்கு மீட்டர்ச் சுவர்
பன்னிரண்டு சென்டிமீட்டர் இளைத்திருக்கிறது.

'தாளுக்குள் அடக்கு.'
யாரோ டிக் செய்துவிட்டுப் போன சின்னக் கட்டம்.
யாரோ என்ன, அவளேதான்,
மத்தியானம், ஒரு கையில் ரொட்டியோடு.

குளியலறைக் கதவு சுருங்கிவிட்டது.
சக்கர நாற்காலியும் சுருங்கிவிட்டது.
அதில் ஒரு தலைவட்டமாய் உட்கார்ந்திருக்கும்
திருமதி ஸ்ட்ராவ்ட்மானேயும்
அதே விகிதத்தில் சுருங்கி
எங்கும் இடிக்காமல் உள்ளே போய்த் திரும்புகிறாள்.
தாளுக்குள் யாருக்கும் ஒரு குறையுமில்லை.

பட்டறையில் குன்வால்டிஸின் மர ஸ்கேல்தான்
சுருங்கவில்லை.
எழுதிய எண்ணை அவர் நம்பமாட்டார்.
கோட்டை அளந்துதான் வாளை எடுப்பார்.

டிக்கை நீக்குகிறாள்.
பிளாட்டர் முனகி முனகி
இன்னொரு முறை அந்த வீட்டைக் கட்டுகிறது.

இப்போது வலது ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது.
வரைந்தவர்: விஸ்
மிச்சப் பெயர் தாளுக்கு வெளியே எங்கோ.

போகட்டும்.
கதவில் ஸ்கேலை வைக்கிறாள்.
பதினெட்டு மில்லிமீட்டர்.
இன்னொரு தடவையும் வைக்கிறாள்.