கை எட்டும் தூரம்

இருபத்தெட்டு நாளைக்கு
நீ நிர்வாக நடுவர் என்றது ஆணை.
அதற்கு முன்னும் பின்னும்
கூட்டுறவுச் சங்கங்களில் உரமூட்டை எண்ணுகிறவள் நான்.

ஆல்பேட்டை. பெண்ணையாற்றுப் பாலத்துக்கு இப்பால்
ஒரு ஷாமியானா, இரண்டு டியூப்லைட்,
லாரிகளைப் பாம்பாய் நெளியவைக்கும் இரும்புத் தடுப்புகள்.
அப்பால் கங்கணாங்குப்பம் கடந்தால்
வேறு அரசு, வேறு விலை.
அங்கிருந்து வருகின்றன குவார்ட்டர் பாட்டில்கள்
ஸ்டெப்னிக்குள், தவிட்டு மூட்டைக்குள்,
ஒருமுறை ஆர்மோனியப் பெட்டிக்குள்.
அசைத்ததும் அது வேறு சுருதியில் கிணுகிணுத்தது.

எதையும் திறக்கச் சொல்லலாம் நான்.
மாப்பிள்ளை வீட்டார் மூடிக் கொண்டுவந்த சீர்த்தட்டை,
கொடிக்கம்பி உறைபோட்ட காரின் டிக்கியை,
தூங்குகிற குழந்தையின் தலைக்கு அடியிலிருந்த பையை.
தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திறந்தாள் தாய்.
இரண்டு பால்புட்டி, ஒரு கிலுகிலுப்பை.
மன்னிப்புக் கேட்கப்
படிவத்தில் இடமில்லை.

வீடியோ எடுக்கும் இருதயசாமிக்குக்
கல்யாண வீடுகளில் பழகிய கை.
பணத்தோடு பிடிபட்டவரிடமும்
'கொஞ்சம் இப்படித் திரும்புங்க சார், லைட்டைப் பாருங்க' என்பார்.
அவர்களும் திரும்புவார்கள்,
சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு.

விடியற்காலை மூன்றே முக்கால்.
துறைமுகத்தில் இறால் எடுக்கத்
தேங்காய்த்திட்டிலிருந்து வந்த கலியவரதன்.
ஐஸ் பெட்டியின்மேல் மஞ்சப்பை.
அறுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
ஐம்பதுக்கு மேல் காகிதம் வேண்டும்.
'கடலுக்கு யாரும்மா பில் போடறா?' என்றார்,
கோபமாகக்கூட இல்லை.

எண்ணினேன். ஈர நோட்டுகள்.
ஒன்றில் செதில் ஒட்டியிருந்தது.
ஏட்டு எண்களை வாசிக்க, நான் எழுத,
பெட்டியின் ஓட்டை வழியே
தார்ச்சாலையில் சொட்டிக்கொண்டிருந்தது ஐஸ்.
பொய்யில்லாத முகத்தை என்ன செய்வதென்று
பயிற்சி வகுப்பில் சொல்லித்தரவில்லை.
ரசீது கிழித்துக் கொடுத்தேன்.
'ஆட்சியர் அலுவலகம், இரண்டாம் மாடி,
கமிட்டி பார்த்துத் திருப்பிக் கொடுத்துடும்.'
'இறால் அதுவரைக்கும் காத்துக்கிட்டிருக்குமா?'
வண்டியைத் திருப்பினார்.
அவர் போன பிறகும் அந்த இடம் நனைந்திருந்தது.

அதே நேரத்தில் பின்னால்
ஏழெட்டு பைக்குகள் போயின,
ஆளுக்கு ஒரு ஹெல்மெட், ஆளுக்குக் கொஞ்சமாக.
நாற்பத்தொன்பதாயிரம் என்றால்
சட்டம் வணக்கம் சொல்லி வழிவிடும்.

காலை ஏழு மணி. செம்மண்டலம். என் வீடு.
குக்கர் வெயிட்டுக்கு அடியில்
நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், மொடமொடவென்று.
'நம்ம நாலு ஓட்டுக்கு. எதிர்வீட்டு தனபாக்கியம் கொண்டாந்தாங்க.
வேணாம்னா நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?'
என்றார் இவர், மாவைக் கலக்கிக்கொண்டே.

இதற்குக் கீழ்வரம்பு கிடையாது.
ஒரு ரூபாயானாலும் குற்றம், இரண்டு கைகளுக்கும்.
கையேட்டில் அந்தப் பக்கத்தை
மஞ்சள் மையால் அடிக்கோடிட்டவளே நான்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன்.
'உங்க எல்லை ஆல்பேட்டைதானே மேடம்?
அங்கே பறக்கும் படையை அனுப்பறோம்.
குடுத்தவங்க பேரு?'
சொன்னேன்.
'வாங்கினவங்க பேரு?'

கரண்டி நின்றது.
இவர் என்னைப் பார்க்கவில்லை,
என் கையைப் பார்த்தார். அதில் இன்னும் மீன்வாடை.

பைக்குள் ரசீதுப் புத்தகம்.
கலியவரதனுக்கு அடுத்த எண்
வெள்ளையாக இருந்தது.

'மேடம்,
லைன்ல இருக்கீங்களா?'