பதினான்காம் புள்ளி

அக்டோபர் பாதி தாண்டிவிட்டது.
இன்னும் பத்து நாள் போனால் மண் உறைந்துவிடும்,
பிறகு மே வரைக்கும் என் துளைப்பானின் பல் இறங்காது.
ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல்
லாரியின் முதுகில் எஃகுக் குழாய்களை அடுக்கிக்கொண்டு
சஸ்காச்சுவானில், மரமே இல்லாத ஒரு சதுர மைலுக்குள்
இருபது புள்ளிகளைத் தேடி வந்திருக்கிறேன்.

ஐந்து வருடம் முன்பு
இதே இருபது இடங்களில் இதே குழாயை இறக்கியவர்
வேறொருத்தர். அவர் கையெழுத்து மட்டும் என்னிடம் இருக்கிறது.
செயற்கைக்கோள் சொல்கிறது: இன்னும் மூன்றடி இடது பக்கம்.
இன்னும் அரையடி. நில்.

உருவியெடுத்தால் ஒரு மீட்டர் மண் அப்படியே வரும்.
மேலே காப்பித்தூள் கறுப்பு,
நடுவில் செங்கல்லுக்கும் சாம்பலுக்கும் இடையே ஏதோ ஒரு நிறம்,
அடியில் சுண்ணாம்பு ஓடிய வெளுப்பு.
அமிலம் ஒரு சொட்டு விட்டால் அந்த வெளுப்பு
சோடாவாகப் பொங்கும். அது கணக்கில் சேராது,
என்றைக்கோ பனியாறு இழுத்து வந்து போட்டது.
எனக்குச் சம்பளம் கறுப்புக்குத்தான்.

ஓரெஸ்ட் ஹாவ்ரிலுக் கூடவே நடக்கிறார்,
மைசூர்ப் பருப்பு அறுத்த கட்டைகள் பூட்ஸில் நொறுங்க.
தாளை எரிக்காமல், மண்ணைப் புரட்டாமல்
வகிடு எடுத்தது போல் ஒரு கீறல் கீறி
அதற்குள் விதையை விட்டால்
காற்றில் திரிய வேண்டியது காலுக்கடியில் கிடக்கும்.
கிடப்பதற்கு டன் கணக்கில் காசு.
ஒப்பந்தம் இருபத்தெட்டுப் பக்கம்.

பதிமூன்றாம் புள்ளி வரை வானிலை பேசினார்.
மகள் ஜெனியா சாஸ்கட்டூனில் பல் மருத்துவம் படிப்பதைப் பேசினார்.
பதினான்குக்கு இருபது தப்படி இருக்கையில்
நின்றுவிட்டார்.

"டெல்ஃபின், அங்கே வேண்டாம். கிழக்கே கொஞ்சம் தள்ளிப் போடேன்."

பள்ளத்தை ஒட்டி ஒரு கீற்று,
தாள் இல்லாமல் மொட்டையாக.
கோச்சியா, என்றார்.
எந்த மருந்துக்கும் சாகாத களை. காய்ந்ததும் ஒடிந்து
உருண்டோடி, போகிற வழியெல்லாம் விதை சிந்தும்.
"போன மே மாதம். ராத்திரி. கலப்பை இரவல் வாங்கி,
ஒரே ஒரு தடவை."
ஆளைக் கொன்றவன் குரலில் சொன்னார்.

எனக்கு மனம் உண்டு, செயற்கைக்கோளுக்கு இல்லை.
குழாயை இறக்கினேன். அவர் திரும்பி நின்று
தெற்கே போகும் காட்டு வாத்துகளை
எண்ணுவதாகப் பாவனை செய்தார்.

ஆய்வுக்கூடத்தில்
கால் கிராம் மண்ணைத் தகரக் கிண்ணியில் மடித்து
ஆயிரம் டிகிரிக்குக் கொடுப்போம்.
மண் எவ்வளவு பிடித்து வைத்திருந்தது என்று அறிய
அதை எரித்து, கிளம்பும் வாயுவை எண்ண வேண்டும்.
அதை யோசித்தால் வேலை ஓடாது. நான் யோசிப்பதில்லை.

டிசம்பரில் எண் வந்தது.
ஐந்து வருடத்தில், ஹெக்டேருக்கு
ஒன்றரை டன் ஏறியிருக்கிறது.
கூடவோ குறையவோ இரண்டு டன்.

அந்தக் கடைசி வரியைத்தான் நெடுநேரம் பார்த்தேன்.
பதினான்காம் புள்ளி கூட்டத்தோடு கூட்டமாக நின்றது.
மேட்டுப் புள்ளிகள் மூன்று அதற்கும் கீழே,
கலப்பையே படாதவை.
அவருடைய பாவம் பிழை வரம்புக்குள் அடங்கிவிட்டது.
ஐந்து வருடப் புண்ணியமும் அதற்குள்ளேயே.

போனில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.
"அப்படியென்றால் இருக்கிறதா, இல்லையா?"
இருக்கலாம், என்றேன். இன்னும் ஐந்து வருடம் போனால்
சொல்ல முடியலாம்.
"நீதான் வருவாயா?"
தெரியாது. என் கையெழுத்தை வைத்துக்கொண்டு
வேறு யாராவது வரலாம்.

அந்தப் பக்கம் கெட்டில் கூவி அடங்கியது.
இங்கே மைனஸ் முப்பத்தொன்று.
அங்கேயும் அவ்வளவுதான் இருக்கும்.

"பதினான்காம் ஓட்டையை மூடாமல் போய்விட்டாய்," என்றார்.
"நான் மூடினேன். கை நிறையத் தாளைத் திணித்து.
அதையும் எழுதிக்கொள்."

எழுதிக்கொண்டேன்.