புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்

லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்.
வழி தவற வாய்ப்பே இல்லை.
அதில் முப்பத்தொரு வருடம் வண்டி ஓட்டியவள்
ஔஸ்மா க்ரூக்லீதெ.
செவ்வாய்தோறும் அவள் மூன்றாம் மாடிக்கு ஏறுவேன்,
தோள்பையில் பஞ்சு, அழுத்தமானி, கையெழுத்து வாங்கும் தாள்கள்.
கடற்காற்று வாசல்வரை கூடவே வரும்.

நோட்டை அவளே எடுத்து நீட்டுவாள்.
காலை 7.1. மாலை 8.4.
காலை 6.9. மாலை 11.0, பக்கத்தில் பொடி எழுத்தில்
'கேக். என் தவறு.'
என் பொறுப்பில் நாற்பத்திரண்டு நோயாளிகள்,
சர்க்கரைக் கணக்கில் பொய் எழுதாதவள் இவள் ஒருத்திதான் என்று
மருத்துவரிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

அயர்லாந்தில் காளான் பண்ணையில் இருக்கும் மகள் வினெதா
ஞாயிறு அன்று அந்தப் பக்கங்களைப் படமாக வாங்கிப் பார்ப்பாள்.
"அம்மா நன்றாக இருக்கிறாள், எண்களே சொல்கின்றன."
எண்கள் சொல்லத்தான் செய்தன.
நாங்கள் இருவரும் வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரியில்
6.48
7.12
7.36.
ஒன்றுகூட எல்லை தாண்டவில்லை.
பச்சை மையில் ஒப்பமிட்டேன்.
மூன்று செவ்வாய் இட்டேன்.

நான்காம் செவ்வாய்
கதவைத் திறந்தவளுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.
வெளியே மைனஸ் ஒன்பது.
"டிக்கெட்?" என்றாள் என்னிடம்.
விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்தேன்.
2.6.
அப்போதுதான் உறைத்தது:
இந்தக் கருவி புள்ளிக்குப் பின்னால்
ஓர் இலக்கம்தான் காட்டும்.

வெந்நீரில் நான்கு கரண்டி சர்க்கரை.
இத்தனை வருடம் அவளிடமிருந்து நான் பிடுங்கிய அதே டப்பாவிலிருந்து.
குடி, ஔஸ்மா, குடி.

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது.
நினைவு திரும்பியது என்போமே, அது திரும்பியது.
மற்ற நினைவு திரும்பவில்லை.

கருவிக்குள் தேடினேன்,
என் துளிக்கு முந்தைய அளவு இருபத்தெட்டு நாள் பழையது.
குளிர்பெட்டியில் ஒரு மாத இன்சுலின் பன்னிரண்டு நாளில் தீர்ந்திருந்தது.
போட்டதை மறந்து போட்டிருக்கிறாள்.
சாப்பிடாததை மறந்தும்.

எது முதலில் வந்தது என்று மருத்துவரைக் கேட்டேன்.
சர்க்கரை பல வருடம் ஏறி நின்றால்
மூளையின் மெல்லிய குழாய்கள் தேயலாம், என்றார்.
மறதி வந்தால் சர்க்கரை கைமீறும்.
இப்படிச் சரிந்து விழும் ஒவ்வொரு முறையும்
இன்னும் கொஞ்சம் போகலாம்.
எல்லோருக்கும் இல்லை, என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒற்றைத் தடம்தான்,
வண்டி இரு பக்கமும் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றியது.
சொல்லவில்லை.

வினெதாவிடம் தொலைபேசியில் எண்களைப் படித்தேன்.
மறுமுனையில் நெடுநேரம் இயந்திர இரைச்சல் மட்டும்.
"6.48 சர்க்கரை ஆலைப் பெண்களின் வண்டி" என்றாள்.
"பள்ளி இல்லாத நாளில் என்னையும் முன்னால் உட்கார்த்திக்கொள்வாள்.
அவர்கள் கோட்டெல்லாம் பாகு வாசனை அடிக்கும்."
ஆலை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

இப்போது ஊசிகள் பூட்டிய பெட்டியில்.
தினமும் யாராவது ஒருத்தி போகிறோம்.
நோட்டை மட்டும் பிடுங்க மனம் வரவில்லை.
என் பச்சை ஒப்பம் மூன்றும் அதில்தான் இருக்கின்றன.

நேற்றுக் காலை சன்னலோரம் நின்றிருந்தாள்.
கீழே டிராம் மணியடித்துப் போனது.
"மூன்று நிமிடம் தாமதம்.
யார் அந்தக் கழுதை, ஓட்டுவது?"
முகத்தில் பழைய சினம், முழுசாக, ஒரு கீறல் இல்லாமல்.

குத்தினேன், துடைத்தேன்,
அவள் எண்களுக்குக் கீழே என் எண்ணை எழுதினேன்: 7.8.
நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
பார்த்தாள்.
பேனாவை வாங்கி அழுத்தி அடித்தாள்.

"அப்படி ஒரு வண்டியே கிடையாது."