சத்தம்

ஷ்கோதர் நகரில், எங்கள் வீட்டு வானொலிக்கு
அந்தக் காலத்தில் ஒரே வேலைதான்:
அம்மா ஜெபிக்கும்போது உரக்கக் கத்துவது.
டிராக்டர் கணக்கு, மக்காச்சோள விளைச்சல்,
கட்சி மாநாட்டுக் கைதட்டல்,
எல்லாவற்றுக்கும் அடியில்
ஆற்றுக்கடியில் உருளும் கூழாங்கல்லாய்
அவளுடைய மங்கள வார்த்தை.
திருகைப் பிடித்திருப்பது என் பொறுப்பு.
எனக்கு ஏழு வயது.

ஜெபமாலை கிடையாது. அவரைக்கொட்டைதான்.
சொத்தை பொறுக்குகிற மாதிரி
பத்துப் பத்தாய் ஒதுக்குவாள்.
ஒருநாள் நான்காம் பத்தில் கதவு தட்டியது.
வாரிப் பானையில் போட்டாள்.
தெருக் கமிட்டி லூலாஷ். தீப்பெட்டி கேட்டார்,
பானையைப் பார்த்தார், போய்விட்டார்.
அன்றிரவு ஜெபமாலையை
வெங்காயம் போட்டுத் தின்றோம்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.

பாஸ்காவுக்கு வெங்காயச் சருகில் முட்டை வேகும்.
ஓடுகளை அப்பா சாம்பலில் புதைப்பார்.
மறுநாள் வகுப்பில் கைகளை நீட்டச் சொல்லி
நகம் நகமாகப் பார்ப்பார் டீச்சர்.
ட்ரானேயின் சுண்டுவிரலில்
செம்பழுப்பாய் ஒரு கீற்று.
அவள் அப்பாவுக்கு இடமாற்றம் என்றார்கள்.
எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு எல்லாம் மாறியது, தெரியும்தானே.
கைப்பந்து வலையை அவிழ்த்துவிட்டுப்
பீடம் வைத்தார்கள்.
முதல் பூசை. கோவில் கொள்ளாத கூட்டம்,
நாங்கள் தெருவில், மழையில்.
சத்தமாக ஜெபிக்கத் தெரியாமல்
அம்மா உதட்டை மட்டும் அசைத்தாள்.
பக்கத்தில் நின்ற என் விரல்கள்
காற்றில் எதையோ திருகத் தேடின.

கொஞ்ச காலம் எல்லா ஞாயிறும் போனேன்.
பிறகு பெரிய திருநாட்களில் மட்டும்.
பிறகு மழை பெய்யாத பெரிய திருநாட்களில்.

இன்று ஞாயிறு. அம்மா இல்லை.
காப்பி, காலுக்குக் கம்பளி,
நேற்று ராத்திரி ஆட்டத்தின் மறுஒளிபரப்பு.
ஒன்பதுக்குக் கோவில் மணி அடித்தது.
வர்ணனை அமுங்கிப் போயிற்று.
ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

கட்டைவிரலுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அணைத்தேன். அதற்குள் மணி ஓய்ந்திருந்தது.
ஓடினேன் என்றால் பொய்.
நடந்தேன். வழியில் ரொட்டிகூட வாங்கினேன்.
பிரசங்கம் பாதி தாண்டியிருந்தது,
நீளமான, உப்புச்சப்பற்ற பிரசங்கம்.
கடைசி பெஞ்சில் முன்பின் தெரியாத பையன்
ஃபோனிலிருந்து தலை தூக்காமலே
நகர்ந்து இடம் விட்டான்.
ரொட்டியைக் காலடியில் வைத்துவிட்டு
இரண்டு கைகளையும் மடிமேல் விரித்தேன்.

யாரும் என் நகங்களைப் பார்க்கவில்லை.