மாதிரி எண் பதினேழு

குன்னூர், பெட்போர்டுக்கு மேலே
தகரக்கூரைச் சோதனைக்கூடம்.
மூன்று நாளாக மழை.
ஹீட்டர் போட்டும் சிலிக்கா தட்டு
உலரமாட்டேன் என்கிறது.

தட்டின் அடியில் ஒரு சொட்டு யூகலிப்டஸ் தைலம்.
ஹெக்சேன் ஊறி ஊறி மேலே ஏறும்போது
யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

சினியோலுக்குள் ஒரே ஒரு ஆக்சிஜன்.
இரு பக்கத்துக் கார்பன்களிடமிருந்தும்
எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்தபடி இருக்கும்.
பறிப்பதில்லை; சாய்க்கிறது, அவ்வளவுதான்.
அந்தச் சாய்வு போதும்.
சிலிக்கா அதன் சட்டையைப் பிடித்து
பாதி வழியில் நிறுத்திவிடும்.

டர்பன்டைனுக்கு அப்படியொரு பிடிமானம் கிடையாது.
கார்பன், ஹைட்ரஜன், மறுபடி கார்பன்,
யாரும் யாரையும் பெரிதாக இழுக்காத வீடு.
எவர் கைக்கும் சிக்காமல்
கரைப்பானோடு உச்சிக்கு ஓடிவிடும்.
எந்தப் பக்கமும் சாயாதவனே யோக்கியன் என்று
பள்ளிச் சுவரில் எழுதியிருந்தார்கள்.
இங்கே தலைகீழ்.

வெனிலின் தெளித்துச் சூடு காட்டினேன்.
நடுவில் வெளிறிய புள்ளி.
உச்சியில் கொஞ்சம் கறை
எந்த நல்ல தைலத்திலும் இருக்கும்.
இது மசிக்கூடு கவிழ்ந்த மாதிரி.

கேனில் ஒட்டிய சீட்டை அப்போதுதான் படித்தேன்:
பெள்ளிராஜ், நடுவட்டம்.

தூண்டல் விளைவுக்கு ஆயுள் குறைவு.
நுனியில் குளோரின் இழுத்தால்
முதல் கார்பன் அதிரும்,
இரண்டாவது லேசாகத் திரும்பிப் பார்க்கும்,
மூன்றாவதுக்குத் தகவலே போய்ச்சேராது.
எண்ணிப் பார்த்தேன்.
நான், வீட்டுக்காரர், கொழுந்தன், ஓரகத்தி,
அவளுடைய அண்ணன்.
நாலு பிணைப்பு தள்ளி.
கணக்குப்படி எனக்கு எதுவும் உறைக்கக்கூடாது.

பேனா சாய்கிறது.

இன்னொரு தட்டு போட்டேன். அதே மசி.
ஈர இலை, புகையும் அடுப்பு, தவணை தேதி
எல்லாம் எனக்கும் தெரியும்;
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'தரத்துக்கு உட்படவில்லை' என்று எழுதி
நேற்றைய தேதியைப் போட்டுவிட்டு
அடித்துத் திருத்தினேன்.

வெள்ளிக்கிழமை ஓரகத்தி வீட்டில் சாப்பாடு.

கை கழுவினேன். வாடை போகவில்லை.
மறுபடியும் சோப்பு.
ஒரு முனையால் எண்ணெயையும்
மறுமுனையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு
இருவரையும் பகைக்காமல்
சாக்கடை வரை கூட்டிப்போகிறது.
எப்படித்தான் முடிகிறதோ அதற்கு.