மைனஸ் பதினொன்று

சாவியைத் திருப்பினால்
சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை.
இருமிக்கொண்டே இருக்கிறது, சளி வரவில்லை.

விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
உஜித்சேவின் மலைகள் இருட்டில் எங்கோ இருக்கின்றன.
பின் இருக்கையில் கம்பளி போர்த்திய
ஆறு தட்டு முட்டை.
சந்தை ஆறு மணிக்கு.
இந்தக் குளிரில் முட்டை உறைந்தால் ஓடு விரியும்.
ஓடு விரிந்ததை
கேக்குக் கடைக்காரிகூடத் தொடமாட்டாள்.

சஸ்தாவா நூற்றொன்று, எண்பத்து மூன்றாம் வருஷத்து வண்டி.
கடுகு நிறம் என்கிறது பதிவுப் புத்தகம்.
எனக்கு அது மஞ்சள் காமாலை.
விவாகரத்தில் நான் கேட்டு வாங்கியது இதை,
மிலாதின் கேட்டு வாங்கியது நாயை.
நாய் செத்துவிட்டது.

எட்டு வருடத்தில் நான்காவது முறையாக
அவனுக்கு போன் போட்டேன்.

"ஹெட்லைட்டைப் போட்டுத் திருப்பு. மங்குதா?"
இல்லை. எதிர்வீட்டு தேசாங்காவின் சுவரில்
அசையாமல் இரண்டு நிலா.
"அப்போ பேட்டரி இல்லை. போனை எஞ்சின் மேல வை."
வைத்தேன்.
இருபத்தோரு வருடம் என் பேச்சில் பாதியைத் தவறவிட்டவன்
கார்புரேட்டரின் மூச்சை
ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பெட்ரோல் வாசனை?"
மூக்கைத் துளைக்கிறது.
"தாகத்துக்கு மேல குடிச்சிருக்கு. ஆறட்டும்.
அப்புறம் ஒரு பிளக்கைக் கழட்டி, வயரோட
இரும்புல சாய்ச்சு வை. வேற யாராவது திருப்பணும்."

நிலா இரண்டும் கண்ணைக் குத்தியதால்
தேசாங்கா ஏற்கெனவே வந்துகொண்டிருந்தாள்,
இரவு உடையும் ஆட்டுத்தோல் தொப்பியுமாய்.
வண்டி ஓட்டத் தெரியாது அவளுக்கு.
சாவியை மட்டும்
இறைச்சி அரைக்கிற மாதிரி திருப்பினாள்.

"நீலமா ஏதாச்சும் தெறிக்குதா?"
ஒன்றும் தெறிக்கவில்லை. இத்தனை இருட்டில்
ஒரு பொட்டு வந்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

மூடியைத் திறந்து என் கழுத்துத் துணியால் துடைத்தேன்.
பாயின்ட்டை நகம் ராவும் அட்டையால் ராவினேன்.
டெஸ்டர் பல்பைக் காயிலில் வைத்தேன்.
எரியவில்லை.

"காயிலுக்கே கரண்ட் வரலையா," என்றான்.
பிறகு அந்தப் பக்கம் பேச்சில்லை.
அடுப்பில் ஏதோ ஏறும் சத்தம்.
மிலாதினுக்குக் காபி போடத் தெரியாது.

"ஆஷ்ட்ரேயை வெளியே இழு.
பின்னால கையை விடு. ஒரு சுவிட்ச் இருக்கும்."

இருந்தது.
பல்லி வால் மாதிரி, சின்னதாக, சில்லென்று.

"தொண்ணூத்து மூணுல வெச்சேன்.
ராத்திரிக்கு ஒரு வண்டி காணாமப் போன காலம்.
உன்கிட்ட சொல்லியிருந்தேனே."

சொல்லவில்லை.
செத்தால் எந்தச் சட்டை போட வேண்டும் என்று சொன்னான்.
தக்காளிக்குத் தக்காளி எத்தனை சாண் என்று சொன்னான்.
என் அக்காள் புருஷனை ஏன் நம்பக்கூடாது என்பதை
வருடம் தவறாமல் சொன்னான்.
இதைச் சொல்லவில்லை.

"தானா விழாதே அது. எது தட்டியிருக்கும்?"
தெரியலை என்றேன்.

நேற்று மாலைதான் ஆஷ்ட்ரேயை உருவி
குழாயடியில் தேய்த்துக் கழுவினேன்.
நான் புகைப்பதில்லை.
ஃபில்டர் வரை கடித்த துண்டுகள், பதினான்கு.
ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை.
திரும்பச் செருகும்போது வேகமாகத்தான் செருகினேன்.

பிளக்கைப் பூட்டி, சுவிட்சைத் தூக்கி,
சாவியைத் திருப்பினேன்.
இரண்டு தடவை உறுமி,
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.
வண்டி முழுக்க ஆடியது, முட்டைத் தட்டுகள் கிலுகிலுத்தன.
தேசாங்கா சிலுவை போட்டுக்கொண்டு
ஒரு வார்த்தை பேசாமல் தூங்கப் போனாள்.

"இருபது நிமிஷம் அணைக்காதே," என்றான்.

எதை என்று கேட்கவில்லை.
போன் மடியில் சூடாகக் கிடந்தது.
அந்தப் பக்கம் யாருடைய கோப்பையிலோ கரண்டி
சுற்றுகிறது, சுற்றுகிறது.