வெறுந்தொட்டிக்கு ஒரு சிட்டிகை

பழையபேட்டையில், என் பீரோவுக்குப் பக்கத்து மேசைமேல்
முப்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி.
கல் போடவில்லை. செடி இல்லை. மீனும் இல்லை.
மூலையில் ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச்,
தலையில் செருகிய காற்றுக்குழாய்,
குமிழி, குமிழி, குமிழி.

காலை ஆறேகாலுக்கு, கம்பெனி பஸ் வருமுன்
அதற்கு ஒரு சிட்டிகை தீனி போடுகிறேன்.
எதிர்வீட்டு நாகவேணி அக்கா
ஈரத்துணி தோளில் கிடக்க நின்று பார்த்தாள்.
"யாரு திங்கறதுக்கு?"
யாரும் திங்கக் கூடாதுக்கா. அழுகணும்.
அக்கா ஒன்றும் சொல்லாமல் துணி காயப்போடப் போனாள்.

எனக்கு மாங்கூழ் ஆலையில் வேலை. ஆய்வகம்.
கொதித்து ஆறி சீல் வைத்த பீப்பாயிலிருந்து
ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் தடவி
இரண்டு நாள் சூட்டில் வைத்துப் பார்த்து
'ஒன்றும் முளைக்கவில்லை' என்று கையெழுத்துப் போடவேண்டும்.
ஒரே ஒரு புள்ளி முளைத்தாலும்
மேலாளர் திம்மராயன் என்னைப் பார்ப்பார்,
அதை நானே பெற்றுப்போட்ட மாதிரி.
அந்தக் கையோடு வீடு திரும்பி
கண்ணுக்குத் தெரியாததையெல்லாம்
வா, வந்து குடியேறு என்கிறேன்.

"பெரிய தொட்டி ஸ்பாஞ்சை இதுல பிழிஞ்சு விடுங்க மேடம்,
நாலே நாள்" என்றான் ரவுண்டானா மீன்கடை அப்சல்.
பெரிய தொட்டியில்தான் போன மாதம் வெள்ளைப் புள்ளி.
செதிலெல்லாம் தூள் உப்புத் தூவியதுபோல.
ஆறு போயின, ஒரு வாரத்துக்குள்.
புதிதாக வாங்கிய ஒன்றை, தனியே வைக்காமல்,
அன்றைக்கே அவிழ்த்துவிட்டவள் நான்.
அங்கிருந்து நல்லதை மட்டும் பிழிந்தெடுக்க
எனக்குத் தெரியாது.
ஒன்றுமில்லாததிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் பிடித்து
திறந்த பக்கெட்டில் ஒரு ராத்திரி வைத்தேன்.
குளோரின் போகட்டும்.
நம்மைக் காப்பாற்றுவது இதுகளைக் கொல்லும்.

ஐந்தாம் நாள் குப்பியில் பச்சை. அம்மோனியா.
ஒன்பதாம் நாள் கரும்பச்சை.
பதினான்காம் நாள் பச்சை வெளிற,
இன்னொரு குப்பியில் கத்தரிப்பூ நிறம்.
முதல் கூட்டம் வந்துவிட்டது.
அது உண்டு கழித்ததை உண்ணும் கூட்டம்
இன்னும் வழியில் இருக்கிறது.
ஒரு சிட்டிகை. மறுநாளும் ஒரு சிட்டிகை.

இருபத்து நான்காம் நாள் மின்வாரியப் பராமரிப்பு,
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.
பேப்பரில் போட்டிருந்ததைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.
பத்தரைக்கு, பீப்பாய்களுக்கு நடுவே நின்று,
அக்காவுக்குப் போன் செய்தேன்.
மாற்றுச்சாவி உங்ககிட்டதானே?
ஒரு சொம்பால மொண்டு மொண்டு
உயரத்திலேர்ந்து ஊத்துங்க. அதுங்களுக்குக் காத்து வேணும்.
"எதுங்களுக்கு?"
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
"காபி ஆத்தற மாதிரியா?"
ஆமாம்க்கா.

ஆறு மணிக்கு வந்தபோது மின்சாரம் வந்திருந்தது.
மேசையைச் சுற்றி ஈரம். தரையில் விரித்த பழைய பாவாடை.
தொட்டியருகே சொம்பு கவிழ்ந்திருந்தது.
"கரண்ட் இல்ல, சீரியலும் இல்ல,
அரைமணிக்கு ஒருவாட்டி வந்தேன்.
மணிக்கட்டு போச்சு" என்றாள்.
குப்பியில் சொட்டுகளை எண்ணி விட்டு
ஐந்து நிமிடம் குலுக்கிக் காத்திருந்தோம்.
மஞ்சள். சுத்தமான மஞ்சள்.
இன்னொன்றில் ஓரத்தில் லேசாக ஊதா,
இருக்கிறதா இல்லையா என்று
இரண்டு பேரும் ஜன்னலுக்குத் தூக்கிப் பார்த்தோம்.
அக்கா இருக்கிறது என்றாள். ஐந்து நாள் கூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்சல் கடையிலிருந்து
ஒரே ஒரு முத்து கௌராமி.
பையை மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் ஊற்றி,
வலையில் அள்ளி விட்டேன்.
இன்னும் மூன்று வாரம் அதற்கு இங்கேதான் வாசம்.
அது மூலையில் ஒட்டி நின்றது, மிரண்டு.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
மீனை ஒரு பார்வை பார்த்தாள்.
பிறகு ஸ்பாஞ்ச் பக்கம் குனிந்து
"இன்னைக்குச் சாப்பிட்டுச்சா?" என்றாள்.